முதலில் வரும் மாத்திரை

“இவங்கெல்லாம் படிச்சுத்தான் டாக்டர் ஆனாங்களா?”

கேட்டுக்கொண்டே அறைக்குள் வந்தார் அறவாழி.

நெடுங்காலம் மருத்துவம் பார்த்தவர். நோயாளிகளின் பதிவுகளைக் கணினியில் அலசி ஆராயும் வித்தையை இப்போது சுலைகா பேகத்திடம் கற்றுக்கொண்டிருந்தார். ஆசிரியை அவரைவிட இளையவர்.

“என்ன ஆச்சு, சார்?”

“மாவட்டத்துப் பதிவு மொத்தமும் பார்த்துட்டேன், மேடம். சிறுநீரகம் பழுதானவங்களுக்கு ஆகவே ஆகாத வலி மாத்திரை. அதைத்தான் எழுதித் தள்ளுறாங்க. சிலருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போயிடுச்சு.”

“சொல்லிப் பார்த்தீங்களா?”

“கடிதம் போட்டேன். வகுப்பு எடுத்தேன். கை தட்டினாங்க. மறுநாளும் அதே மாத்திரை!”

“எங்கே அதிகம்?”

“மேட்டுக்காடு ஆரம்ப சுகாதார நிலையம். மெர்லின்னு ஒரு டாக்டர்.”

“போய்ப் பார்த்துட்டு வாங்க.”

“பார்த்து என்ன பண்ண? அவங்க எழுதின ஒவ்வொரு சீட்டும் என்கிட்ட இருக்கு.”

“சீட்டு இருக்கு. அவங்க இல்லையே.”

போனார்.

வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. உள்ளே மெர்லினின் எதிரில் ஒரு பெரியவர் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிறுநீரகம் பழுது என்று திரையிலேயே இருந்தது. மெர்லினின் விரல் அந்த மாத்திரையை நோக்கிப் போனது.

“நிறுத்துங்க! பெரியவரைக் கொல்லப் பார்க்கறீங்களா?”

பெரியவர் பயந்துபோய் எழுந்து நின்றார்.

மெர்லினும் எழுந்தார். “உட்காருங்க சார். நீங்களே எழுதுங்க.”

அறவாழி உட்கார்ந்தார். ‘மூட்டு வலி’ என்று தட்டினார். மருந்துப் பட்டியல் விரிந்தது. முதலில் அதே மாத்திரை.

சிறுநீரகத்தைக் கெடுக்காத பாரசிட்டமால் எங்கே?

அடுத்த பக்கத்தில் இல்லை. அதற்கடுத்த பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு குழந்தை வீறிட்டது. “இன்னிக்குள்ள பார்ப்பீங்களா, மாட்டீங்களா?” என்றது ஒரு குரல்.

அறவாழி மறுபடியும் மறுபடியும் தட்டினார்.

“உங்க வகுப்புல முன்னாடி உட்கார்ந்து குறிப்பெடுத்தவ சார் நான்,” என்றார் மெர்லின். “எல்லாம் தெரியும். ஒவ்வொருத்தருக்கும் இப்படித் தேடினா, அந்த வரிசையை யார் பார்க்கிறது?”

அறவாழி திரும்பி வந்து ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னார்.

சுலைகா பேகம் அங்கேயே போனை எடுத்தார். மென்பொருள் பார்ப்பவரிடம் பேசினார். “வலின்னு தட்டினா பாரசிட்டமால் முதல்ல வரட்டும். சிறுநீரகம் பழுதுன்னு பதிவு இருந்தா, அந்த மாத்திரை கண்ணுலயே படக் கூடாது.”

ஒப்புதல் வேண்டும் என்றார்கள். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. அது விடுப்பில் இருந்த அதிகாரியைக் கைகாட்டியது. சுலைகா பேகம் எல்லோரையும் நச்சரித்தார்.

பட்டியல் மாறியது.

மழைக்காலம் முடிந்தபோது அறவாழி புதிய வரைபடத்தோடு வந்தார். அந்த மாத்திரையின் கோடு சரசரவென்று இறங்கியிருந்தது. மேட்டுக்காட்டிலும்தான்.

அதை மேஜைமேல் வீசினார்.

“இன்னும் என்ன சார் கோபம்?”

“என் கடிதத்தை ஒருத்தரும் மதிக்கலை. என் வகுப்பால ஒருத்தரும் திருந்தலை. மாத்திரை ஏன் மாறுச்சுன்னுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. இத்தனை பாடுபட்டும் யாருமே எதையும் கத்துக்கலையே, மேடம்!”

சுலைகா பேகம் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்களுமா?”