கிளிப்பச்சைத் தண்ணீர்

ராசிபுரத்து டிராவல்ஸ் ஒன்றின் மேனேஜர் தாமோதரனுக்கு, நாற்காலியை விட்டு எழுந்தால் கௌரவம் குறைந்துவிடும். ஆனால் எல்லா பஸ்ஸையும் தானே சோதித்ததாகத் தினமும் கையெழுத்து மட்டும் போட்டுவிடுவார்.

அன்று காலை, கொல்லிமலைக் கோயிலுக்குப் போகக் கல்யாணக் கூட்டம் வந்து நின்றது. டிரைவர் செங்கோடன், "இந்த பஸ் வேண்டாங்க, ரேடியேட்டர்..." என்று ஆரம்பித்தான்.

"எல்லாம் நான் செக் பண்ணியாச்சு! பத்து நிமிஷத்துல வண்டி கிளம்பணும். இல்லேன்னா சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போ!" என்று கத்தினார் மேனேஜர்.

செங்கோடன் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டான். "எழுபது கொண்டை ஊசி வளைவுங்க. இன்ஜின் சூடாயிட்டா இவங்க பாடு என்னாகும்? ரேடியேட்டரையும் பார்த்தீங்களா?"

"என் கையாலயே மூடியைத் திறந்து பார்த்தேன்யா. கழுத்து வரைக்கும் தண்ணி இருக்கு."

"வெறும் தண்ணிங்களா, கூலன்ட் கலந்ததுங்களா?"

"கூலன்ட்தான். நல்ல கிளிப்பச்சை!"

செங்கோடன் மாப்பிள்ளையின் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு பானெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. முன்பக்கக் கம்பிகளின் இடைவெளி வழியாக வந்த வெயில் நேராக இன்ஜின் மேல் விழுந்தது.

செங்கோடன் மேனேஜர் பக்கம் திரும்பினான். "ஒழுகுதுன்னு நேத்தே கழட்டிப் பட்டறைக்குக் கொடுத்தாச்சுங்க. நீங்க திறந்த மூடி எங்கன்னு சொன்னா, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

கூட்டம் சிரித்துக்கொண்டே வேறு பஸ்ஸில் ஏறியது. இப்போதெல்லாம் மேனேஜர் தினமும் பானெட்டைத் திறக்கிறார். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் முன், ரேடியேட்டர் இருக்கிறதா என்று ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொள்கிறார்.