வட்டத்துக்குள் மண்

கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்று ஊரார் முறையிட்டதால், மூடிக் கிடந்த சாயப்பட்டறையில் மண் எடுக்க வந்தாள் செல்லக்கிளி. அரசு மண் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குத் தற்காலிக வேலைதான்.

பட்டறை முதலாளி அம்பலவாணன் வாசல் ரோஜாத் தோட்டத்தில் கோலால் சின்னதாக ஒரு வட்டம் கீறினார்.

"எடுக்கிறதை இதுக்குள்ள எடு. ஒரு அங்குலம் தள்ளினாலும் வெளியே அனுப்பிடுவேன்."

"இதுவே போதுங்கய்யா" என்று அவள் மண்ணைத் துளைத்தெடுக்கும் திருகுகம்பியை நடுவில் ஊன்றினாள். செம்மண் வந்தது. முதலாளி சிரித்தார். அடியில் என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று அவள் விடாமல் திருகினாள். நாலடி ஆழத்தில் ஊதாச் சேறு குப்பென்ற நாற்றத்தோடு ஏறி வந்தது.

"ஏய், நிறுத்து!"

"வட்டத்தை விட்டுத் தள்ளவே இல்லீங்களே! ஆழத்துக்கு நீங்க அளவு சொல்லலையே" என்றபடி சேற்றைப் புட்டியில் அடைத்தாள்.

அது புதைத்த சாயக்கழிவுதான் என்று பரிசோதனையில் தெரிந்ததும், அந்த வாரமே ஊருக்குக் குடிதண்ணீர் லாரி வந்தது. தோட்டத்தைத் தோண்டிச் சேற்றை அள்ளும் பொறுப்பு முதலாளி தலையில் விழுந்தது.