பித்தளைக் குழாய் தேடிய பேச்சித்தாய்

பாளையங்கோட்டையில் குற்றாலநாதன் தன் வீட்டுப் பழைய குளியலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். சித்தாள் வேலைக்கு வந்தவள் பேச்சித்தாய். வேலையாட்கள் செருப்போடு வாசலில் நிற்பதே அவருக்கு ஆகாது. கடைக்கு அனுப்பினாலும் வெறுங்காலோடுதான் போக வேண்டும். கேட்டால், "தரையில கால் பட்டா நோயே அண்டாது" என்பார்.

சித்திரை வெயிலில் தார்ரோடு கொதித்தது. சிமெண்டுக்கும் டீக்கும் நடந்து நடந்து அவள் பாதம் கொப்புளித்துப்போயிருந்தது. அன்று பழைய பித்தளைக் குழாயைக் கையில் கொடுத்து, "இதே மாதிரி வேணும், கிடைக்காம வந்துராத" என்றார். எந்தக் கடையிலும் அப்படி ஒன்று இல்லை. நடுரோட்டில் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

கூடத்தில் குற்றாலநாதன் விருந்தாளிகளுக்கு வெறுங்கால் நடையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அய்யா, அதே மாதிரி எங்கயும் இல்ல. கடையில இருக்கதுல எது ஒத்து வரும்னு நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அவர் எழுந்து செருப்பில் காலை நுழைத்தார்.

"செருப்பு எதுக்குய்யா? நோய் வந்துராதா?"

விருந்தாளிகள் எதிரே சொன்ன சொல்லை விழுங்க முடியவில்லை. வெறுங்காலோடு ரோட்டில் இறங்கியவர், நாலடி வைப்பதற்குள் "யம்மா!" என்று துள்ளி உள்ளே ஓடிவந்தார். விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவளைப் பார்த்து, "நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார். சிரித்தவர்கள் தங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் அந்த வேலைக்கு மாடத்தி என்பவள் வந்தாள். "செருப்ப எங்கய்யா விடட்டும்?" என்று வாசலுக்கு வெளியே நின்றே கேட்டாள்.