அத்தி மரத்தடியில் பாதிப் பழம்

ஒரு காட்டில், சாப்பாட்டு வேளை வந்தால் மலைக்கு அந்தப் பக்கம்வரை சத்தம் கேட்கும். அத்தனைக்கும் காரணம் ஓர் அத்தி மரம்.

மரத்தின் மேலே மந்திக் கூட்டம். கீழே புள்ளிமான் கூட்டம். மந்திகளுக்கு ஒரு பழத்தை முழுசாகத் தின்னும் பொறுமை கிடையாது. ஒரு கடி கடிக்கும். அதற்குள் அடுத்த பழம் இதைவிடச் சிவப்பாகத் தெரியும். கையில் இருப்பதை விட்டெறியும். தொப். கீழே ஒரு மான் அதைத் தின்னும். இப்படியே எத்தனையோ கோடைகள் போயின.

கருமுகி என்ற மந்தியும் பொட்டழகி என்ற மானும் அந்த மரத்தின் மேலும் கீழுமாகவே வளர்ந்தவர்கள்.

"கீழே யாருடி, தலையைத் தள்ளி வை, கனமான பழம் வருது" என்பாள் கருமுகி.

"நேத்தும் இதையேதான் சொன்னே, அக்கா. கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது" என்பாள் பொட்டழகி.

மந்திக்குக் கண் கூர்மை. மானுக்கு மூக்கு கூர்மை. சிறுத்தை புதரில் பதுங்கினால் மேலிருந்து கருமுகி பார்த்து 'க்காக்' என்று இருமுவாள். அதன் வாடை காற்றில் வந்தால் கீழிருந்து பொட்டழகி தரையை உதைப்பாள். இரண்டு கூட்டமும் அடுத்த நொடியில் காணாமல் போகும்.

அந்தச் சிறுத்தைதான் காட்டுக்கு ராஜா. விலா எலும்பு தெரியும் ராஜா.

ஒரு நாள் மலைப்பாதையில் போன லாரியிலிருந்து ஒரு பெருச்சாளி குதித்தது. ஏழு காடு பார்த்த பெருச்சாளி. நேரே ராஜாவின் குகைக்குப் போய், ஒரு கும்பிடு போட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தது.

"ராஜா, இவங்க ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறவரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு இல்லை. எனக்கும் வியாபாரம் இல்லை. நான் கடை போடறேன், நீங்க ஒரு சட்டம் போடுங்க."

குகை வாசலில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. கரிச்சான் சொந்தமாக ஒன்றும் பேசாது. யார் பேசினாலும் கேட்டு வைத்துக்கொண்டு, அதே குரலில், அதே இழுவையில் திருப்பிப் பேசிக் காட்டும். புதுக் குரல் கிடைத்த சந்தோஷத்தில் அது பெருச்சாளியின் பேச்சை வாய்க்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு பறந்துபோயிற்று.

மறுநாள் தட்டைப்பாறை மேல் கடை திறந்தாயிற்று. தேக்கிலையில் கட்டிய மசாலாப் பொரிப் பொட்டலம். ஒரு கை நெல்லிக்காய் கொடுத்தால் ஒரு பொட்டலம். நெல்லிக்காயெல்லாம் லாரி ஏறி எங்கோ போனது.

மான்களில் பாதி தூர நின்று வேடிக்கை பார்த்தன. பெருச்சாளி அவர்களை ஒரு மாதிரிப் பார்த்தது.

"ஏழு காட்டிலயும் இப்ப இதுதான் சாப்பாடு. வடக்கே யானை சாப்பிடுது, தெற்கே முயல் சாப்பிடுது. நீங்கதான் இன்னும், சொல்லவே கூச்சமா இருக்கு, ஒருத்தர் கடிச்சுப் போட்டதை இன்னொருத்தர் சாப்பிடறீங்களாமே."

மான்கள் தலையைக் குனிந்துகொண்டன. அந்த நொடிவரை அது பழமாக இருந்தது. அதற்கப்புறம் அது எச்சில்.

சாயங்காலமே ராஜாவின் சட்டம் வந்துவிட்டது. எச்சில் தின்பது காட்டின் மானத்தைக் கெடுக்கும். இனி அவரவர் பொட்டலம், அவரவர் புதர்.

மந்திகள் மரத்தை விட்டிறங்கிக் கடையைச் சுற்றி உட்கார்ந்தன. மான்கள் புதருக்கு ஒன்றாக, முதுகைக் காட்டிக்கொண்டு மென்றன. காடெல்லாம் ஒரே மொறுமொறுப்பு. மசாலா வாடையில் வேறு எந்த வாடையும் மூக்குக்கு எட்டவில்லை. அத்தி மரத்தில் பழம் பழுத்து, தானாக விழுந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

முதல் வாரம் ஒரு மானைக் காணவில்லை. அடுத்த வாரம் இரண்டு. கடையில் விசாரித்தபோது பெருச்சாளி பொட்டலம் கட்டிக்கொண்டே பதில் சொன்னது.

"கோடை வந்தா சிலபேர் இடம் மாறுவாங்க. வியாபாரம் வளர்ற இடத்தில இதெல்லாம் சகஜம்."

மூன்றாவது வாரம் பொட்டழகியின் தங்கை காணாமல் போனாள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த புதரில் பாதிப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. இடம் மாறுகிறவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டா போவாள் என்று பொட்டழகி யோசித்தாள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ராஜாவுக்கு இப்போது தொந்தி விழுந்திருந்தது.

இதில் கரிச்சானுக்கும் ஒரு கஷ்டம். காடு முழுக்க ஒரே சத்தமானதால் புதுச் சரக்கே கிடைக்கவில்லை. மொறுமொறுப்பை எத்தனை நாள்தான் பேசிக் காட்டுவது? ஒரு மத்தியானம் அது காலியான அத்தி மரத்தில் உட்கார்ந்து, பழைய சரக்கை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது.

"தொப்" என்றது. பிறகு கருமுகியின் குரலில், "கீழே யாருடி, தலையைத் தள்ளி வை, கனமான பழம் வருது."

புதரில் இருந்த பொட்டழகி வாயில் இருந்த பொரியைத் துப்பினாள். கால் தானாக மரத்தை நோக்கி நடந்தது.

கரிச்சான் அடுத்ததை எடுத்தது. "நேத்தும் இதையேதான் சொன்னே, அக்கா. கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது."

கடையில் வரிசையில் நின்ற கருமுகி, கையில் இருந்த நெல்லிக்காயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இருவரும் மரத்தடியில் பார்த்துக்கொண்டார்கள். கருமுகி மரத்தில் ஏறி ஒரு பழத்தைப் பறித்தாள். ஒரு கடி கடித்தாள். வழக்கம்போல எறிய ஓங்கிய கை நின்றுவிட்டது.

"எச்சில்டி" என்றாள்.

"போடு, அக்கா" என்றாள் பொட்டழகி.

தொப். அந்தச் சத்தம் கேட்டதும் புதர்களிலிருந்து மான்கள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின. ஒன்றன்பின் ஒன்றாக மந்திகளும் வந்து மரமேறின.

கேட்க ஆள் சேர்ந்ததும் கரிச்சானுக்குக் குஷி தாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியே பெருச்சாளியாகவே ஆகிவிட்டது.

"ராஜா, இவங்க ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறவரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு இல்லை. எனக்கும் வியாபாரம் இல்லை."

மரத்தடியில் எல்லோரும் மெல்வதை நிறுத்தினார்கள். கேட்காததைக் கரிச்சான் பேசாது என்பது எல்லோருக்கும் தெரியும். பொட்டழகிக்குத் தங்கையின் பாதிப் பொட்டலம் ஞாபகம் வந்தது. அப்போது, பொரி வாடை இல்லாத காற்றில், வேறொரு வாடை அவள் மூக்குக்கு வந்தது. அவள் தரையை உதைத்தாள். அதே நேரம் மேலே கருமுகி, புதருக்கு வெளியே நீண்டிருந்த புள்ளி வாலைப் பார்த்து 'க்காக்' என்று இருமினாள்.

சிறுத்தை பாய்ந்த இடத்தில் யாருமில்லை. தொந்தியோடு அதால் துரத்தவும் முடியவில்லை.

அன்றிலிருந்து பத்து நாள் ராஜாவுக்குப் பட்டினி. பதினோராம் நாள் தள்ளாடித் தள்ளாடிக் கடைக்கு வந்தது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பெருச்சாளி ஒரு பொட்டலத்தை நீட்டி, உலகமே சாப்பிடுகிற சாப்பாடு, ராஜாவும் கொஞ்சம் ருசி பார்க்கலாம் என்றது.

சிறுத்தை பொட்டலத்தைப் பார்த்தது. பிறகு பெருச்சாளியைப் பார்த்தது.

மறுநாள் கடை திறக்கவில்லை. பெருச்சாளி எங்கே என்று மரத்தடியில் யாரோ கேட்டார்கள்.

மேல் கிளையிலிருந்து கரிச்சான், பெருச்சாளியின் குரலிலேயே பதில் சொன்னது: "கோடை வந்தா சிலபேர் இடம் மாறுவாங்க. வியாபாரம் வளர்ற இடத்தில இதெல்லாம் சகஜம்."

தொப். ஒரு பாதிப் பழம் விழுந்தது.

நீதி: உன் சாப்பாட்டைக் காட்டி உன்னை வெட்கப்பட வைப்பவன், தன் பசி எதற்கென்று உன்னிடம் சொல்லமாட்டான்.