மைக்கில் வாசித்த தவணை

"நாளைக்குக் காலையில அவ வண்டியைத் தூக்கிடலாம்டா. இன்னைக்கு நம்ம வீட்டுக் காதுகுத்துல எவன் தவணை வாங்குவான்?"

மண்டப வாசலில் வட்டிக்கடை தவசியப்பன் தன் ஆளிடம் சொன்னது, இட்லி வண்டிக்காரி ஒச்சம்மாளின் காதில் விழுந்தது. அவள் கடனுக்கு அன்றுதான் கடைசி நாள். தவறினால் வண்டி அவருக்கு. பேத்தியின் காதுகுத்தை அவர் அதே நாளில் வைத்தபோதே அவளுக்குச் சந்தேகம்தான்.

கடன் வாங்கியதிலிருந்து, தினமும் தவணைக்கு எடுத்து வைத்த பிறகுதான் அவள் வீட்டுச் செலவைத் தொட்டாள். கடைசி ஆயிரமும் பத்து ரூபாய் நோட்டுகளாகத் தயார். அதை அவரிடம் நீட்டினாள்.

"விசேஷ வீட்டுல கணக்குப் பேசலாமா தாயி? நாளைக்கு வா." தவசியப்பன் இனிக்க இனிக்கச் சிரித்தார்.

"சரிண்ணே" என்றவள் நேராக மொய் எழுதும் மேசைக்குப் போனாள். அங்கே வந்த பணத்தை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கொடுத்தவர் சொன்னதை அப்படியே மைக்கில் வாசிப்பார்கள்.

"இட்லிக்கடை ஒச்சம்மாள், மொய் நூற்றியொன்று! தவசியப்பன் அண்ணனிடம் வாங்கிய கடனுக்குக் கடைசித் தவணை ஆயிரம்! இன்றோடு கடன் தீர்ந்தது!"

பந்தியில் சாப்பிட்டவர்களின் கை நின்றது. தவசியப்பன் ஓடி வந்தார்.

"என்னடி இது?"

"நாளைக்கு நீங்க பணம் வரலைன்னு சொல்லிட்டா? இப்ப ஊரே கேட்டுச்சுல்லண்ணே."

சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தவசியப்பன் அத்தனை பத்து ரூபாய் நோட்டுகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, நாளைக்காகச் சட்டைப் பையில் வைத்திருந்த கடன் பத்திரத்தை எடுத்துக் கிழித்தார்.