உள்காய்ச்சல் கண்ட கார்

கொண்டல்சாமி மச்சானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் ஒரு காருக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். அன்று மதியமே நான் வேலைக்காக வெளியூர் போய்விட்டேன். சில வருடம் கழித்து ஊர் திரும்புவதற்குள் அவர் நோயில் விழுந்து காலமாகிவிட்டார். மீதியைச் சொன்னவள் என் மனைவி, அவருடைய தங்கை. அந்தக் காரில் போனவள். சொல்லி முடிக்கும்வரை அவள் சிரிக்கவே மாட்டாள்.

மச்சானின் கடைசித் தம்பி வெள்ளியப்பனுக்கு அன்று நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா மாசிலாமணி முன்பே சொல்லிவிட்டார்: "சொந்தக் கார் இருக்குன்னு பெருமை பேசினீங்கல்ல? அது என் வாசலுக்கு வந்தாத்தான் தட்டு மாத்துவேன்."

காலையில் சாவியைத் திருகியதுமே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் போய் நின்றது. எஞ்சின் சூடாக இருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது என்று மெக்கானிக் தாசன் எப்போதோ சொல்லியிருந்தார். ஆகவே விசிறினார்கள். ஈரத்துண்டு போட்டார்கள். மோர் தெளித்தார்கள். முள் அசையவில்லை.

நடுத்தம்பி சீனிராசு எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். "அண்ணே, ஐஸ் மாதிரி இருக்கு."

"மேலுக்குத்தான்டா சில்லுனு இருக்கும். உள்காய்ச்சல் அப்படித்தான். நம்ம அப்பாவுக்கு வந்துச்சே, மறந்துட்டியா?"

"அப்ப ரேடியேட்டர்ல கஞ்சி ஊத்தலாமா?"

"அடைச்சுக்கும்டா மடையா. வடிகட்டி ஊத்து."

மாப்பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "நல்ல நேரம் போயிரும்ணே!" என்று தாசனுக்கே போன் போட்டான்.

"சென்சார்ல ஒரு ஒயர் மாட்டியிருக்கும். அதைக் கழட்டிட்டு சாவியத் திருகுங்க. முள் கீழ இறங்கினா, எஞ்சின்ல குத்தமில்ல, சென்சார்தான் கெட்டிருக்கு. புதுசு மாத்தணும்" என்றார் தாசன்.

கழற்றினார்கள். முள் சட்டென்று அடியில் போய்ப் படுத்தது.

"அண்ணே, சென்சார் கெட்டுப்போச்சாம்" என்றான் வெள்ளியப்பன்.

"எது கெட்டா என்ன? காய்ச்சல் விட்டுச்சா இல்லையா?"

மூவரும் முள்ளைப் பார்த்தார்கள். விட்டிருந்தது.

கிளம்பும்போது சீனிராசுக்கு ஒரு சந்தேகம். "காய்ச்சல் விட்ட உடம்புக்குப் பச்சைத் தண்ணி ஆகுமாண்ணே?"

"நல்லவேளை ஞாபகப்படுத்தினே" என்று கொண்டல்சாமி மச்சான் ரேடியேட்டரில் இருந்ததை ஒரு சொட்டு விடாமல் திறந்துவிட்டார்.

கார் பெண் வீட்டு வாசல்வரை எப்படியோ போய்ச் சேர்ந்தது. அங்கே தடதடவென்று ஆடியது. பானெட்டிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது.

மாசிலாமணி ஓடி வந்தார். "என்ன சம்பந்தி, இப்படிப் புகையுது? ஓட்டை வண்டியை வச்சுக்கிட்டா பொண்ணு கேட்டு வந்தீங்க?"

வெள்ளியப்பன் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். மச்சான் மட்டும் நிதானமாக முள்ளைக் காட்டினார். "புகை இல்ல சம்பந்தி. பனி."

மாசிலாமணி தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். முள் அடியில் கிடந்தது.

"சித்திரை வெயில்ல பனியா?"

"எங்க கார் அப்படி."

மாசிலாமணி அசந்துபோனார். வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏ புள்ள, அந்தக் கம்பளியை எடுத்தா! மாப்பிள்ளை கார் குளிர்ல நடுங்குது!"

எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தினார்கள். ஆட்டம் அடங்கிக் கார் விறைத்து நின்றது. கம்பளி கருகும் வாசனை வந்தது.

"இப்பத்தான் சூடு பிடிக்குது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, மாசிலாமணி தட்டை மாற்றிக்கொண்டார்.

கார் இன்றைக்கும் அந்த வாசலில்தான் நிற்கிறது. மார்கழியில் மட்டும் இரண்டு கம்பளி போடுகிறார்கள்.