மகளோடு உண்ட மன்னன்

பிள்ளைகளே, கேளுங்கள். பிள்ளை பெற்றவர்களும் சற்றுக் கிட்டே வந்து உட்காருங்கள்.

வேங்கைநாட்டைக் கொற்றவேள் என்ற அரசன் ஆண்ட காலம் அது. அவனுக்கு ஒரே மகள், பூவை. நான்கு வயது. தாயில்லாப் பிள்ளை என்று அரண்மனையே அவளைத் தாங்கியது. ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒருத்தி ஆடினாள், மறு வாய்க்கு ஒருத்தி பாடினாள், மூன்றாம் வாய்க்கு ஒருத்தி மயிலைப் பிடித்து வந்து காட்டினாள். அதிரசமும் தேன்பாகும் கேட்டபோதெல்லாம் கிடைத்தன. சோறு மட்டும் இறங்கவில்லை. தூக்கத்துக்கும் நேரம் காலம் கிடையாது. குழந்தை நாளுக்கு நாள் மெலிந்தாள்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். "இது மருந்தில் தீராது அரசே. இப்படியே போனால் பிள்ளை தாங்க மாட்டாள்" என்றார்.

மகளைச் சாப்பிட வைக்கத் தெரிந்தவர்கள் வரலாம் என்று அரசன் ஊரெங்கும் பறையறையச் செய்தான். முதலில் வந்த சமையல்காரன் அறுபது வகை ஆக்கினான். பூவை திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்து வந்த பண்டிதர் பிரம்பைக் காட்டினார். குழந்தை அழுத அழுகையில் குடித்த பாலும் வெளியே வந்துவிட்டது. மூன்றாவதாக வந்தவள் எயினி. யானைப்பாகனின் மனைவி, ஐந்து பிள்ளைகளுக்குத் தாய்.

"நாற்பது நாள் கொடுங்கள்" என்றாள். "வேளைக்குச் சாப்பாடு, விளக்கு வைத்ததும் படுக்கை. கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது. இடையில் பால் தவிர எதுவும் கூடாது. மூன்று வேளையும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட வேண்டும்."

"நானா? நாட்டை யார் பார்ப்பது?"

"சாப்பிடுகிற நேரம் மட்டும் மகளைப் பாருங்கள் அரசே."

முதல் நாள் பூவை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் இலையை உதைத்தாள். மூன்றாம் நாள் அதிரசம் கேட்டுப் புரண்டு அழுதாள். அரசன் பொறுக்காமல் எழுந்தான்.

"இன்று எழுந்தால் நாளைக்கு அழுகை இன்னும் நீளும். உட்காருங்கள்" என்றாள் எயினி.

அவன் கண் கலங்கியது. ஆனாலும் உட்கார்ந்தான்.

ஐந்தாம் நாள் ஒரு சின்னக் கை அவன் இலைக்கு வந்தது. "அப்பா, இது என்ன?"

"அவரைக்காய்."

"எத்தனை?"

இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். ஏழு. அதில் மூன்று பூவையின் வாய்க்குள் போயின. அரசன் மகிழ்ச்சியில் கத்தப் போனான். எயினி உதட்டில் விரல் வைத்து அடக்கினாள்.

விளக்கு வைத்ததும் கால் கழுவிப் பாயில் படுத்து, அன்று பார்த்ததை மகள் சொல்ல, தந்தை கேட்டான். தொடக்கத்தில் அவள் பத்து முறை எழுந்து ஓடினாள். பத்து முறையும் கோபப்படாமல் கூட்டி வந்து படுக்க வைத்தான். பிறகு ஐந்து முறை. பிறகு அதுவும் இல்லை.

நாற்பது நாளில் பூவையின் கன்னம் உப்பிவிட்டது. எயினி விடைபெற்றுப் போனாள்.

மறுநாள் எல்லைத் தகராறு பற்றி அவை கூடியது. உச்சி வேளை தாண்டியும் பேச்சு ஓயவில்லை. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பூவை வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே சிங்காதனத்துக்கு நடந்தாள்.

"அப்பா, நேரமாச்சு. சோறு ஆறுது."

அரசன் எழுந்து அமைச்சர்கள் பக்கம் திரும்பினான்.

"சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம். நீங்களும் உங்கள் வீட்டுக்குப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்ற அரசன், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

பெரியவர்கள் மனம் தளராமல் நாள்தோறும் கூடவே இருந்து செய்து காட்டுவதுதான் குழந்தைக்கு நல்ல பழக்கமாகப் படியும்.